பாலம் வந்ததும் எழுந்துகொள்கிறவர்கள்

1

போன வாரம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எங்கள் கம்பெனியின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் புதிய பதிப்பு வெளிவந்ததற்காக. கேக்கின் மேல் பதிப்பு எண்ணை நீல க்ரீமில் எழுதியிருந்தார்கள். புள்ளிக்குப் பின்னால் இருந்த எண் என் துண்டில் வந்தது. தின்றேன். இனிப்பாக இருந்தது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

நான் அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர் செய்கிறேன்' என்று தாம்பரத்தில் ஒரு வதந்தி உண்டு. நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் செய்வது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் மெமரி என்று ஒன்று இருக்கிறது. வேகமானது, விலை அதிகம், எப்போதும் போதாது. டிஸ்க் என்று இன்னொன்று. பெரியது, மலிவு, ஆமை. ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடும்போது மெமரி நிரம்பிவிடும். அப்போது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பகுதிகளை எடுத்து டிஸ்க்கில் போட்டுவிட்டு, அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும். போட்டவை தேவைப்பட்டால் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பது சிஸ்டத்தின் அடிமட்டத்தில் இருக்கும் கெர்னல். கெர்னலின் அந்த ஒரு மூலையைத் திருத்துவதுதான் இரண்டு வருடமாக என் பிழைப்பு. யாரை எழுப்பிவிட்டு யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்வதற்கு எனக்கு டாலரில் சம்பளம்.

அதே வாரத்தில் அப்பாவுக்கு விசாவில் கொடுத்த ஆறு மாதமும் முடிந்தது. கேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன என்பதால் சொல்கிறேன்.

2

எண்பதுகளில் நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், காலையில் அப்பாவும் நானும் சேலையூரிலிருந்து ஒரே சைக்கிளில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வருவோம். அவருக்கு பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மீட்டர் கேஜ் வண்டி தாம்பரத்திலேயே புறப்படுவதால் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்தால் அது சீட்டு. எறிந்தவன் ஏறி வருவதற்குள் அதை யாரும் தொடமாட்டார்கள். ரேஷன் கடையில்கூடக் காணக் கிடைக்காத நாகரிகம்.

சிக்கல், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஏறுகிறவர்களுக்கு. அவர்களுக்கு எந்த நாளும் இடம் கிடையாது. கைக்குட்டை எறிந்தால் யார் முகத்திலாவது விழும். அதற்காக அப்பாவின் பெட்டியில் தினமும் வருகிறவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கிண்டி தாண்டி, சைதாப்பேட்டைக்கு முன்னால் அடையாற்றுப் பாலம் வரும். சக்கரத்தின் சத்தம் மாறும். தடதடவென்று இருந்தது 'கொட கொட' என்றாகும். அந்தச் சத்தம் கேட்டதும் தாம்பரத்துக்காரர்கள் எழுந்துகொள்வார்கள். நின்றுகொண்டு வந்தவர்கள் உட்காருவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. நன்றியும் இல்லை. தூங்கிக்கொண்டு வருகிறவர்கூடப் பாலம் வந்தால் எழுந்துவிடுவார். கண்ணைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

அப்பாவின் இடம் டேவிட் சாருக்கு. குரோம்பேட்டையில் ஏறுகிறவர், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, கையில் எப்போதும் மடித்த ஆங்கிலப் பேப்பர். பாலம்வரை அதை அக்குளில் வைத்திருப்பார். உட்கார்ந்ததும் பிரித்தால் எழும்பூர் வரும்போது கடைசிப் பக்கத்தில் இருப்பார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, சானடோரியத்தில் சம்பந்தம் ஏறும்வரை. சம்பந்தம் தன் அலுவலகத்தில் யூனியன் ஆள். நாலு நாள் நின்று பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இன்னா சார் நியாயம் இது? உக்காந்தவன் பாலம் வரிக்கும் உக்காந்துகினே வரான், நின்னவன் நின்னுகினே வரான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாத்திக்கினா எல்லாருக்கும் சமமா பூடும்ல?"

எல்லாரும் தலையாட்டினார்கள். சமம் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மரியாதை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாற்றம். பல்லாவரத்தில் உட்கார்ந்தவர் மீனம்பாக்கத்தில் எழுந்தார். மீனம்பாக்கத்தில் உட்கார்ந்தவர் செருப்பைக் கழற்றி விடுவதற்குள் பழவந்தாங்கல் வந்தது. டிபன் பாக்ஸ் பை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குப் போய்க்கொண்டே இருந்தது. டேவிட் சார் ஒரே தலைப்புச் செய்தியைப் பரங்கிமலையிலிருந்து பார்க் ஸ்டேஷன்வரை படித்தார். இறங்குகிறவர்களுக்கு வழி கிடைக்கவில்லை, ஏனென்றால் வழியில்தான் பாதிப் பேர் உட்காரப் போய்க்கொண்டோ எழுந்து வந்துகொண்டோ இருந்தார்கள்.

ஒரு வாரம் போனது. அப்பா சம்பந்தத்தின் தோளில் கைவைத்தார்.

"சம்பந்தம், இந்த ஒரு வாரமா நான் உட்காரவும் இல்ல, நிக்கவும் இல்ல. நடுவுல மடங்கிக்கிட்டே பீச்சுக்கு வரேன்."

"அதுக்கு இன்னா சார் பண்ணலாம்?"

"உட்கார்ந்தவனை கொஞ்ச நேரம் உட்கார விடுப்பா. நின்னுக்கிட்டாவது நிம்மதியா நிக்கலாம்."

டேவிட் சார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஆமென்" என்றார். சம்பந்தமே சிரித்துவிட்டார். "சரி சார், பாலம்னா பாலம். ஆனா நம்ம கொள்கை தோத்துச்சுன்னு எவனும் நெனைக்கக் கூடாது."

3

இங்கே எங்கள் சிஸ்டத்தை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு, திட்டுவதற்கென்று ஒரு ஃபோன் நம்பரும் கொடுத்திருக்கிறோம். அதில் வந்த புகார்களில் பாதி ஒரே மாதிரி இருந்தது. மிஷின் நிற்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை. டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. உள்ளே அம்மிக்கல் மாதிரி சத்தம். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுக் காபி குடித்து வந்தால் அது திரையில் வந்திருக்கிறது, சில சமயம்.

நானும் பல மாதம் அந்த விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கெர்னல் யோக்கியமாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு புரோகிராமை உள்ளே கொண்டுவரும். அது மூச்சு விடுவதற்குள் அடுத்தது கதவைத் தட்டும். உடனே முதலில் வந்ததை வெளியே அனுப்பும். அனுப்பியது அடுத்த நொடியே திரும்ப வேண்டும் என்று நிற்கும். எல்லாருக்கும் சமமாக இடம் கொடுத்தது. அதனால் யாருமே வேலை செய்யவில்லை. போக்குவரத்து மட்டும் நடந்தது.

நான் எழுதிய திருத்தம் வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. உள்ளே வந்த புரோகிராமை, வெளியே எத்தனை பேர் தட்டினாலும், கொஞ்ச நேரம் தொடாதே. அது தன் வேலையை ஓரளவு முடிக்கட்டும். மற்றவர்கள் நிற்கட்டும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதை வைத்திருக்கும் இடத்துக்கு ஆங்கில எழுத்தில் 'பாலம்' என்று பெயர் வைத்தேன். என் திருத்தத்தைச் சரிபார்த்தவன் அது என்ன என்று கேட்டான். இந்தியக் கணிதத்தில் ஒரு கலைச்சொல் என்றேன். மரியாதையாக அப்படியே விட்டுவிட்டான்.

என் மேனேஜர் க்ரெக்குக்கு மட்டும் ரயில் கதையைச் சொன்னேன். சைதாப்பேட்டையை ஆங்கிலத்தில் உச்சரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பாதியில் அந்தப் பெயரைக் கைவிட்டேன். க்ரெக் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏன், இன்னொரு பெட்டி சேர்க்கக் கூடாதா?" என்றான்.

அமெரிக்கா ஏன் வல்லரசு என்று அப்போது புரிந்தது.

விளக்கு அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. சத்தம் குறைந்தது. க்ரெக் என் முதுகில் தட்டினான். நான் 'தேங்க்ஸ்' என்றேன், அதைச் சொல்ல வேண்டிய நேரம் அது என்பதால்.

4

அம்மா போன பிறகு அப்பாவை வசந்தி அக்கா குரோம்பேட்டைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹாலும் ஒரு ரூமும் உள்ள போர்ஷன். ரூமில் அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. அப்பா ஹாலில். டிவி பார்க்கிறவர்களின் காலுக்கு நடுவில் அவருடைய பாய். சேலையூர் வீடு பூட்டிக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எஸ்டிடி பூத்திலிருந்து பேசினாள். வீட்டு ஃபோனில் அவர் காதுபடப் பேச முடியாது என்பதால்.

"டேய், என்னால முடியலடா. அவரைக் குறை சொல்லல. மாமியாரையும் பார்த்துக்கிட்டு இவரையும் பார்த்துக்கிட்டு, நான் நின்னுக்கிட்டே தூங்கறேன். உன் முறைடா இது."

"கூட்டிக்கிட்டு வந்துடறேன்க்கா."

"எவ்ளோ நாளைக்கு?"

விசாவில் எவ்வளவு எழுதுகிறார்களோ அவ்வளவு நாளைக்கு. வேறென்ன சொல்ல? முதல் முறை வந்தபோது விமான நிலையத்தில் அதிகாரி, எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா, காலமெல்லாம் டைப் அடித்த குமாஸ்தா இங்கிலீஷில், "சார், மை டாட்டர்ஸ் டர்ன் இஸ் ஓவர். நவ் சன்ஸ் டர்ன்" என்றாராம். அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆறு மாதம் முத்திரை குத்தினார். வேறு கேள்வியே கேட்கவில்லை. அவருக்கும் ஒரு அப்பா இருக்க வேண்டும்.

ஆறு மாதம் இங்கே. ஆறு மாதம் அங்கே. மறுபடி இங்கே. எங்கள் தெருவில் மூன்று இந்தியக் குடும்பங்கள். மூன்றிலும் இப்படித்தான். பனி விழுமுன் ஒரு தாத்தா போவார், பனி உருகியதும் இன்னொருவர் வருவார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு இவர்களை அடையாளம் தெரியும்.

அப்பா வந்த ஒவ்வொரு முறையும், முதல் ஒன்றிரண்டு மாதம் ராத்திரி பகல் புரியாமல் போகும். அப்புறம் வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பிடிபடும். நூலகத்துக்குத் தனியாகப் போய்வரப் பழகுவார். அடுத்த வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தும். அந்தச் சமயத்தில் பெட்டி கட்ட வேண்டும். அங்கே போனதும் இதே கதை தலைகீழாக. அக்கா எழுதுவாள்: 'இப்பதான் மனுஷன் ராத்திரி தூங்க ஆரம்பிச்சார். அதுக்குள்ள உன் டிக்கெட் வந்துடுச்சு.'

என் மகள் நந்துவுக்குப் பதினொன்று. தாத்தா வரும்போது அவள் ரூமைக் காலி செய்ய வேண்டும். அவள் சாமான்கள் பேஸ்மென்ட்டுக்குப் போகும், அவர் போனதும் மேலே வரும். அவர் மூன்றாம் முறை வருவதற்கு முன் மேலே போய்ப் பார்த்தேன். ரூம் வெறுமையாக இருந்தது. சென்ற முறை கீழே கொண்டுபோனதை அவள் திரும்பக் கொண்டுவரவே இல்லை. பேஸ்மென்ட்டில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மேலே கொண்டுபோகலையா?"

"வொய், டாட்? ஹி வில் கம் எகெய்ன், ரைட்?"

சீக்கிரமே மறுபடி வெளியே போகப்போவதை உள்ளே கொண்டுவராதே: இதைக் கண்டுபிடிக்க எங்கள் அலுவலகத்தில் ஒரு குழுவே இருக்கிறது. தாத்தாவிடம் அவள் பேசும் தமிழ் 'தாத்தா' என்பதோடு சரி. போன முறை அவர் கிளம்பும் தறுவாயில் 'சாப்பிட்டியா'வரை வந்திருந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது இல்லை. எங்கே போயிற்று என்று அவளுக்கும் தெரியவில்லை.

மூன்றாம் முறை வந்த அப்பா பெட்டியைப் பிரிக்கவில்லை. மேலாக இருந்த நாலு சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டார். என் மனைவி உமா கவனித்துவிட்டு, "மாமா, அலமாரி காலியா இருக்கு, எடுத்து வெச்சுக்குங்களேன்" என்றாள்.

"வேணாம்மா. திரும்ப மடிக்கணும்."

அன்று சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உப்பு கேட்கிற மாதிரிதான் சொன்னார். "இங்கயே இருன்னா இருக்கேன். அங்கயே இருன்னா இருக்கேன். நடுவுல மடங்கிக்கிட்டே இருக்க முடியலடா."

ரயில்பெட்டி எனக்கு அந்த நிமிடமே ஞாபகம் வந்தது, நெஞ்சு அடைத்தது என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஞாபகம் வரவில்லை. பார்க்கலாம்ப்பா என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

5

பார்த்தேன். வழி இருந்தது. எனக்கு இந்த ஊர்க் குடியுரிமை கிடைத்துவிட்டதால், அப்பாவுக்கு நிரந்தரமாக இருக்க அட்டை கேட்டு மனு போடலாம். இங்கேயே ஒரேயடியாக உட்கார்ந்துவிடலாம். அக்காவிடம் சொன்னேன். "அவரைக் கேட்டியாடா?" என்றாள். கேட்டிருந்தேன். "நீ சொன்னா சரி" என்றிருந்தார். வாழ்நாள் முழுவதும் மேலதிகாரிகளிடம் அவர் சொன்ன பதில் அது.

மனுவோடு அவரையும் அழைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்துக்குக் காலை ரயிலில் கிளம்பினேன். ரயில் எங்கள் ஊரில்தான் புறப்படுகிறது. அடுத்தடுத்து இரண்டு சீட்டு. அப்பா கைக்குட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். போகப் போகக் கூட்டம் சேர்ந்தது. ஓர் இளைஞன், காதில் ஒயர், முதுகில் பை, எங்கள் சீட்டை ஒட்டி நின்றுகொண்டு வந்தான். அப்பா கண்ணை மூடியிருந்தார்.

ஆறு வந்தது. பாலம். சத்தம் மாறியது.

அப்பா எழுந்துவிட்டார். முட்டியில் கையை ஊன்றி, கம்பியைப் பிடித்து, எழுந்து நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தார். இளைஞனைப் பார்த்து சீட்டைக் காட்டினார். அவன் ஒயரைக் கழற்றி, "ஓ நோ, ஐ அம் குட், சார். ப்ளீஸ்" என்றான்.

அப்பா மறுபடி காட்டினார். அவன் மறுபடி மறுத்தான். அவன் காது சிவந்துவிட்டது. எழுபது தாண்டிய ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தவன் என்று பெட்டி முழுக்க அவனைப் பார்க்கும்.

"அப்பா, நீங்க உட்காருங்க."

"பாலம் வந்துடுச்சேடா."

சீட்டு காலியாகவே இருந்தது. அந்த வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், யாரும் உட்காரவில்லை. கொஞ்சம் கழித்து நானும் எழுந்துவிட்டேன். இரண்டு காலி சீட்டு, அதைச் சுற்றி இத்தனை பேர். கடைசி ஸ்டேஷன்வரை அப்படியே போனோம்.

குடியேற்ற அலுவலகத்தில் டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி, நீண்ட காத்திருப்பு. கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பொறுமையானவர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, அட்டை கிடைத்த பிறகு இவர் இங்கேதான் வாழ வேண்டும், ஊருக்குப் போனால் நீண்ட காலம் தங்கக் கூடாது, அடிக்கடி திரும்பி வர வேண்டும் என்று விளக்கினார்.

அப்பா முன்னால் வந்தார். "மேடம், இஃப் ஐ சிட் தேர் ஒன்லி?"

"அங்கேயே இருக்கப் போகிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத் தேவையே இல்லை, சார்."

"தேங்க் யூ மேடம்" என்று சொல்லி, காகிதங்களை அவரே ஓரம் சேர்த்துத் தட்டி, அடுக்கி, என் பையில் வைத்தார். எனக்காக ஒருவர் முடிவெடுத்துவிட்டதில் நிம்மதி வர வேண்டும், அல்லது வருத்தம். இரண்டில் ஒன்று வரும் என்று ரயில் ஏறும்வரை காத்திருந்தேன்.

சாயங்கால வண்டி. இந்த முறையும் புறப்படும் இடத்திலேயே ஏறியதால் உட்கார்ந்தோம். அப்பா ஜன்னல் பக்கம்.

"சேலையூர் வீட்டைத் தொறந்துடறேன். டேவிட் இப்ப அடுத்த தெருவுலதான் இருக்கான். அவனுக்கு டிபன் கேரியர் எடுத்துட்டு வர்ற ஆளு எனக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போவான். வசந்தி முடிஞ்சப்ப வரட்டும். நீ லீவு கிடைச்சா வா. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா, அதோட ரூமை அதுகிட்டக் குடுத்துடு."

"தனியா எப்படிப்பா?"

"நான் உட்கார்ந்திருக்கேன். நீங்க மாறி மாறி நின்னுக்கிட்டு வாங்க."

கூட்டம் ஏறியது. என் பக்கத்தில் ஒரு பெண்மணி, இரண்டு கையிலும் பைகள், நின்றுகொண்டு வந்தார். அப்பாவின் பெட்டி எனக்குக் காலையில் மட்டுமே பழக்கம். சாயங்காலம் கல்லூரி விட்டு எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் தொங்கிக்கொண்டு வந்தவன். பாலம் வந்தது. சத்தம் மாறியது. நான் பையை எடுத்துக்கொண்டு எழப் போனேன்.

அப்பா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருடா. சாயங்கால வண்டிக்கு அந்த ரூல் கிடையாது. வீட்டுக்குப் போறவனை யாரும் எழுப்பமாட்டோம்."

உட்கார்ந்தேன். கீழே ஆறு கறுப்பாக இருந்தது. பாலம் நீளமானது, சத்தம் முடிய வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் என் சட்டையை விடவில்லை.